வெள்ளி மாலை ஆறு மணி

ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப முன் சீட்டு வடக்கத்திக்காரர்கிட்ட போனை நீட்டிப் பேசுனீங்களே, நீங்க தமிழ்ல சொல்ல அது இந்தியில சொல்லுச்சே, அது என்ன சொல்லுச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? தெரியாதில்ல? அவரு சிரிச்சாரா? சிரிச்சாரு. அங்கதான் சார் இருக்குது வில்லங்கம்.

எம்பேரு சென்னியப்பனுங்க. தாராபுரத்துல பத்திரம் எழுதறவன். முப்பத்தாறு வருசம். நான் எழுதுன பத்திரத்துல ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வருதுன்னு ஒருத்தர் கோர்ட்டுப் படி ஏறினதில்லீங்க. நான் ஒரு காற்புள்ளி வெச்சா அது எல்லைக்கல்லு நட்ட மாதிரி. அப்படிப்பட்டவனை உங்க கையில இருக்குது பாருங்க, அந்த ஜாதி மிஷின் ஒண்ணு மூணு மாசத்துல தலைகுனிய வெச்சுருச்சு. பல்லடம் வர்ற வரைக்கும் பொழுது போகணுமில்ல, சொல்லறேன் கேளுங்க. அதா, முன்னால அஞ்சாறு சீட்டு தள்ளி, ஜன்னலோரம், பச்சைச் சேலை. அதுதான் எங்க வூட்டுக்காரி செல்லாத்தா. அவளுக்கும் இதுல பங்கு உண்டு. அது அப்பறம் வருது.

ஆனி மாசமுங்க. வண்டிய ஸ்டாண்டு போடறேன்னு போயி, வண்டி எம்மேல ஸ்டாண்டு போட்டுருச்சு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு. மாவுக்கட்டு. மூணு மாசம் கட்டிலை விட்டு எறங்கப்படாதுன்னுட்டாரு டாக்டர்.

மூணு மாசம் வூட்டுக்குள்ள கெடந்தா ஒரு பத்திரம் எழுதறவன் என்னங்க பண்ணுவான்? கண்ணுல படறதைத் திருத்துவான். மளிகைச் சீட்டுல 'பறுப்பு'ன்னு எழுதியிருந்தா செல்லாத்தா. திருத்துனேன். டிவியில கீழ ஓடற எழுத்துல ஒரு ஒத்து விட்டுப்போச்சு, சத்தம் போட்டுச் சொன்னேன். ஒரு நா, "ஏனுங்க, மழை வர்ற மாதிரி இருக்குது"ன்னா. "மாதிரின்னா என்ன மாதிரி? வருமா வராதா, தெளிவாச் சொல்லு"ன்னேன். நல்லதுக்குத்தானுங்க. பேச்சுல ஒரு சுத்தம் வேணுமில்ல? அதுக்கப்பறம் அவ மழையைப் பத்திப் பேசறதில்ல. அவளுக்கு எப்பவுமே பேச்சு கம்மிங்க.

மக மேகலா கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்குது. வூட்டுல இருந்தே வேலை. பத்து நாள் பாத்துட்டு எங்கிட்ட வந்து, "அப்பா, உங்களுக்கு ஒரு எடம் புடிச்சுத் தரட்டுமா?"ன்னுச்சு.

"எடமா? எங்க அம்மிணி? பட்டா இருக்குதா? தாய்ப் பத்திரம் பாத்தியா?"

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. தீவுல இருக்குது. தீவு கம்ப்யூட்டருக்குள்ள இருக்குது."

உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உலகம். கடல், மலை, வீதி எல்லாம் இருக்குது. நாடு நாடா சனங்க ஆளுக்கொரு பொம்மை மாதிரி அதுக்குள்ள நடமாடறாங்க. புதுசா வர்றவங்களுக்கு ஆளுக்கொரு துண்டு எடம் சும்மாவே தர்றாங்க. எனக்கும் ஒரு பொம்மை பண்ணிக் குடுத்துச்சு அம்மிணி. வேட்டிதான் கெடைக்கல. கடைசியில எந்தத் தேசத்துதோ ஒரு வெள்ளைப் பாவாடையைச் சுத்திவிட்டு, "அப்பா, தூரத்துல இருந்து பாத்தா வேட்டிதான்"ன்னுச்சு.

பாஷைக்கு என்ன பண்றதுன்னேன். அதுக்கு ஒரு மிஷின் இருக்குதுன்னு தாயத்து மாதிரி ஒண்ணைப் பொம்மை கழுத்துல கட்டிவிட்டுச்சு. நான் தமிழ்ல அடிச்சா அது மொதல்ல இங்கிலீஷாக்கி, அங்கிருந்து எதிராளி பாஷைக்கு மாத்திக் குடுத்துரும். அவங்க சொல்றது எனக்குத் தமிழ்ல வந்துரும். இலவசம். இலவசம்னப்பவே நான் யோசிச்சிருக்கோணும்.

எடத்தைப் பாத்ததும் எனக்குக் கை அரிச்சதுங்க. மொதல் வேலையா நாலு மூலைக்கும் கல்லு நட்டேன். பத்திரமும் எழுதி வெச்சேன். 'கிழக்கே கடல், மேற்கே பாதை, தெற்கே மலைச்சரிவு, வடக்கே இவோ என்பவரது மனை, இந்த நான்கெல்லைக்குட்பட்ட' அப்படின்னு. இவோங்கறது பக்கத்து எடத்துக்காரன். ஆறடி ஒசரம், நீலக் கலர் முடி, மல்யுத்தக்காரன் ஒடம்பு. பொம்மை தலைக்கு மேல பேரு ஓடும். பிரேசில் தேசம். அவன் எடத்துல ஊடு கெடையாது. ஒரே ஒரு மரம், மஞ்சளாப் பூத்த மரம். அதுல ஒரு கெளை எம்பட எல்லைக்குள்ள முக்கால் அடி வந்துருச்சு.

விடுவனுங்களா? "தம்பி, உங்க மரத்துக் கிளை என் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆவன செய்யவும்"னு அடிச்சேன்.

ரொம்ப நேரங் கழிச்சு பதிலு வந்துது. 'என் மரம் உங்கள் எல்லையை முத்தமிடுகிறது. நான் மகிழ்ச்சி.'

இது என்னடா வம்புன்னு, "உங்க மரத்தைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது"ன்னு அடிச்சேன்.

மறுபடி ரொம்ப நேரம். அப்பறம், 'மரத்தைப் பார்க்க வேண்டாம். பால் குடிக்கவும்.'

அடுத்த நா சாயந்தரம் நான் உள்ள போறேன், எம்பட வாசல்ல ஒரு டம்ளர் பாலு சார்! கம்ப்யூட்டர் பாலுதான். ஆனா டம்ளர்ல இருந்து ஆவி பறக்குது. அதைச் செஞ்சு, கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிருக்கறான். முப்பத்தாறு வருசத்துல எல்லைத் தகராறுக்கு வந்த ஒரு கட்சிக்காரன் எதிராளிக்குப் பால் குடுத்து நான் பாத்ததில்லீங்க.

அதுல இருந்து பழக்கமாயிப்போச்சு. தெனமும் பொழுதோட அஞ்சு மணிக்கு நான் அங்க இருப்பேன், அவனுக்கு அப்பக் காலை. நான் பத்து வரி அடிச்சா அவன் ரெண்டு வார்த்தை சொல்லுவான். அதுக்கும் அரை நாழி ஆகும். படிப்பு கம்மி போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா கை வேலையில கெட்டிக்காரன். எம்பட ஊட்டுக்கு ஓடு போட்டுக் குடுத்தான், சன்னல் வெச்சுக் குடுத்தான். ஒரு நா, "தம்பி, எனக்குக் கால் ஒடிஞ்சு கெடக்குது"ன்னு சொன்னேன். அவன் உடனே எம்பொம்மையைக் கைப்புடிச்சுக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, எந்தப் பொத்தானை அமுக்குனா ஓடலாம்னு காட்டுனான். ஓடினேன் சார். கட்டில்ல கெடந்துக்கிட்டு அந்தத் தீவை மூணு சுத்து ஓடினேன். சத்தமாச் சிரிச்சிருக்கறேன் போல, செல்லாத்தா கரண்டியோட வந்து எட்டிப் பாத்தா.

"யாருங்க அது?"

"ஒரு தம்பி. பிரேசில்காரன்."

"எங்கூட ஒருக்காக்கூட இப்படிச் சிரிச்சதில்லீங்க நீங்க"ன்னா.

"நீ சிரிக்கற மாதிரி எதாச்சும் சொல்லியிருந்தாத்தான?"ன்னேன். நியாயந்தானுங்க?

சரி, விசயத்துக்கு வர்றேன். ஒம்பது வாரத்துல ஊடு முடிஞ்சுது. புதுமனை புகுவிழா வெக்கோணுமில்ல? பத்துப் பதினஞ்சு பேரு பழக்கமாயிருந்தாங்க. அழைப்பு எழுதினேன். 'நிகழும் மங்களகரமான'ன்னு ஆரம்பிச்சுப் பதினெட்டு வரி. மேகலா பாத்துட்டு, "அப்பா, இத்தனை நீளத்தை மிஷின் எடுக்காது. ஒரே வரியில போடுங்க, பேசற மாதிரி"ன்னுச்சு. மனசில்லாம ஒரே வரி போட்டேன்: 'வரும் வெள்ளி மாலை ஆறு மணிக்கு எல்லாரும் என் வீடு வாங்க.'

சொல்லுங்க சார், இதுல எதாச்சும் தப்பிருக்குதா? பச்சைக் கொழந்தைக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம். செல்லாத்தாகிட்டச் சொல்லி சேமியாப் பாயசம் கூட வெக்கச் சொல்லிட்டேன், நான் இங்க உக்காந்து குடிக்க. ஆறு மணிக்கு உள்ள போறேன். மொதல்ல ஒரு துருக்கிக்காரர் வந்தாரு. கழுத்துல மாலை. வெள்ளி மாலை சார், தகதகன்னு. கையில ஒரு மணி. ஆட்டிக்கிட்டே வர்றாரு. பின்னால ஒரு பொம்பளை, அவங்க கழுத்துலயும் வெள்ளி மாலை, கையில மணி. அப்பறம் ஒரு கரடி. பொம்மைதானுங்க, எந்த வேசம் வேணாலும் போடலாம். கரடி கழுத்துலயும் வெள்ளி மாலை. பதினஞ்சு பேரும் மாலையும் மணியுமா வந்து நிக்கறாங்க, கோயில் கெடா வெட்டுக்கு வந்த மாதிரி. துருக்கிக்காரர் ஊட்டைச் சுத்திப் பாத்து, சன்னலைத் தட்டிப் பாத்து, 'விலை என்ன?'ங்கறாரு.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பத்தான் பாக்கறேன், தண்ணிச் சத்தம். எங்க இருந்து? எம்பட ஊட்டுக்கு முன்னால ஆறு ஓடுது! நேத்து வரைக்கும் இல்லாத ஆறு. கூழாங்கல்லு, நாணல், ரெண்டு கொக்கு, எல்லாத்தோடயும் வளைஞ்சு வளைஞ்சு போகுது. நான் நட்ட வடகிழக்குக் கல்லு தண்ணிக்குள்ள முழுகிக் கெடக்குது. ஆத்தங்கரையில நீல முடியோட இவோ நிக்கறான். 'பிடிக்கிறதா? நினைவுக்கு'ங்கறான்.

என்ன நினைவுக்கு? எம்பட எல்லைக்குள்ள ஆத்தை வெட்டிப்போட்டு நினைவுக்காம்! எனக்குத் தலைக்கு ஏறிப்போச்சு சார். எந்த உரிமையில வெட்டுனன்னு என்னென்னமோ அடிச்சேன். 'மூஞ்சியில முழிக்காதே'ன்னேன். அதுக்கு அந்தக் கரடி, 'யார் முகத்தில் தூங்கினார்கள்?'ங்குது. 'ஒரு பெரிய கும்பிடு'ன்னேன். எல்லாரும் மணியை ஆட்டிக் கும்பிடறாங்க. கடைசியில பொறுக்க மாட்டாம, ரெண்டே வரி அடிச்சேன்.

'இது என் இடம். வெளியே போ.'

இவோகிட்ட இருந்து ரொம்ப நேரம் கழிச்சு, 'சரி'ன்னு ஒரு வார்த்தை வந்துது. மறைஞ்சுட்டான். மத்தவங்களும் ஒவ்வொருத்தரா மணியை ஆட்டிக்கிட்டே போயிட்டாங்க.

ஒம்பது வாரமா நான் சொன்ன அத்தனை நல்லதையும் கோணலாச் சொன்ன மிஷின், அதை மட்டும் ஒரு பிசிறில்லாமச் சொல்லியிருக்குது பாருங்க! அது மிஷின் தப்பா, என் தப்பா?

இத பாருங்க, அந்த வார்த்தை எனக்கொண்ணும் புதுசில்லீங்க. பதினாலு வருசத்துக்கு முன்னால செல்லாத்தா தம்பி கிட்டுச்சாமிகிட்டயும் அதையேதான் சொன்னேன். அது வேற கதை, அது அவன் தப்பு. அவம் புள்ளை கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க வந்தான். பிரிச்சா எட்டுத் தப்பு. செவப்பு மையில திருத்தி அவங் கையிலயே குடுத்தேன். "மச்சான், ஐநூறு அடிச்சு முடிச்சாச்சு, நீங்க வந்து வாழ்த்துனாப் போதும், வாத்தியார் வேலை வேண்டாம்"ன்னான். அப்பச் சொன்னேன், இது என் ஊடு, வெளிய போன்னு. போயிட்டான். நாங்க கல்யாணத்துக்குப் போகல. செல்லாத்தாவை நான் ஒண்ணும் தடுக்கலீங்க. சேலை கட்டிக் கெளம்பி நின்னவளை, "போனா அங்கயே இருந்துக்க"ன்னு மட்டுந்தான் சொன்னேன். அவளாத்தான் போகல.

சரி, அதை விடுங்க. அடுத்த நா உள்ள போய்ப் பாத்தா, பக்கத்து எடம் மொட்டையாக் கெடக்குது. மரம் இல்ல. மஞ்சப் பூ ஒண்ணு கூட இல்ல. ஆறு மட்டும் ஓடிட்டிருக்குது.

மேகலாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அம்மிணி முந்தின நாள் பேச்சையெல்லாம் இங்கிலீஷ்ல படிச்சுப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டுச்சு. "அப்பா, உங்க அழைப்பு என்னன்னு போயிருக்குது தெரியுமா? வெள்ளி மாலை, ஆறு, மணி, எல்லாரும் என் வீட்டை விலைக்கு வாங்குங்கள்."

வெள்ளிக்கிழமை, வெள்ளியாயிருச்சு. சாயந்தரம், கழுத்து மாலையாயிருச்சு. ஆறு மணி, ஓடற ஆறும் ஆட்டற மணியும் ஆயிருச்சு. வாங்கன்னு கூப்பிட்டதை, வெலைக்கு வாங்கச் சொன்னதா ஆக்கிருச்சு. ஒரே வரியில அஞ்சு சொல்லு, அஞ்சுக்கும் ரெண்டு ரெண்டு அர்த்தம். எழுதுனது யாரு? தாராபுரம் சென்னியப்பன்.

"நீங்க ஊட்டை வித்துட்டுப் போறீங்கன்னு நெனச்சிருக்காங்கப்பா. ஆறு வேணும்னு கேட்டிருக்கறீங்கன்னு நினைவுப் பரிசா வெட்டித் தந்திருக்காங்க"ன்னுச்சு. அப்பறம் இவோவோட விவரத்தை எங்கிருந்தோ எடுத்துப் படிச்சுது. "அப்பா, இது தம்பி இல்ல. இவோனேன்னு ஒரு அம்மா. அறுபத்தி நாலு வயசு. ரொட்டிக் கடையில வேலை பாத்து ஓய்வானவங்க. கை மூட்டெல்லாம் வாதம், ஒத்தை வெரல்லதான் அடிப்பேன், பொறுத்துக்குங்கன்னு போட்டிருக்குது."

ஒத்தை வெரல், சார். படிப்பு கம்மின்னு நான் நெனச்சது அதுதான். அந்த ஒத்தை வெரலை வெச்சுத்தான் பால் டம்ளருக்கு ஆவி விட்டுருக்குது. கூழாங்கல்லு ஒவ்வொண்ணா வெச்சிருக்குது. ஒரே நாளைக்குள்ள ஒரு முழு ஆறு, ரெண்டு கொக்கோட.

மிச்சமிருந்த பாயசம் எனக்கு எறங்கலீங்க.

மன்னிப்புக் கேக்கறதுன்னு முடிவு பண்ணினேன். முறையாக் கேக்கோணுமில்ல? 'தங்களுக்கும் எனக்கும் இடையே நேர்ந்துவிட்ட மேற்படி மனஸ்தாபமானது யாதொரு உள்நோக்கமுமின்றி, மொழிமாற்றக் கருவியின் குறைபாட்டினால் விளைந்ததேயன்றி'ன்னு நாப்பது வரி. அதை நாலு துண்டாப் பிரிச்சு அனுப்புனேன். ரெண்டு நாளு பதிலில்ல. மூணாம் நா ஒரு வரி வந்துது.

'எந்த நீதிமன்றம்?'

நான் கேஸ் போட்டுட்டதா நெனச்சிருச்சு சார் அந்தம்மா!

அன்னைக்கு நான் சோத்தைத் தொடல. செல்லாத்தா வந்து தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, கட்டில் ஓரத்துல உக்காந்தா. அவ அப்படி உக்காந்து பல வருசமாச்சு.

"தப்பு யாரு மேலீங்க?"

"மிஷின் மேல."

"வெளிய போன்னு மிஷினா சொல்லுச்சு?"

"அது சொன்னது நாந்தான். ஆனா சந்தர்ப்பம்..."

"அப்ப அதையே எழுதுங்க. தப்பு என்னுதுன்னு."

"அப்படி மொட்டையா எழுத முடியாது செல்லாத்தா. 'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு வேணாப் போடலாம்."

"அதா வந்து நேர்ந்துச்சா? நடந்து வந்துச்சா, பஸ் ஏறி வந்துச்சா?"

கல்யாணமாகி நாப்பது வருசத்துல அவ எங்கிட்ட இத்தனை பேசினதில்லீங்க. நான் அடிக்கப் பாத்தேன். 'தப்பு'ன்னு வந்துது. அடுத்த சொல்லு வரல. வெரலு நின்னு போச்சு. கால்ல கட்டு போட்டா கை மரத்துப் போகுமுங்களா? எனக்கு அப்படித்தான் ஆச்சு.

அவ கம்ப்யூட்டரை வாங்கி மடியில வெச்சுக்கிட்டா. "வாயில சொல்லுங்க"ன்னு அவ போனை எம்பட வாய்க்கு நேரா நீட்டுனா. போன் எதுக்குன்னேன். இதுல சொன்னா எழுத்தா வருமுன்னா.

"தப்பு என்னுது"ன்னேன்.

"கேக்கலீங்க."

"தப்பு என்னுது."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. வெளிய போன்னு சொன்னப்ப இருந்த சத்தம் எங்க போச்சு?"

"தப்பு என்னுதுதான்! நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது!"

போன்ல டுப்புன்னு ஒரு சத்தம். "போயிருச்சு"ன்னா. சேலைத் தலைப்புல கண்ணைத் தொடச்சுக்கிட்டா. கம்ப்யூட்டர் வெளிச்சம் அவ கண்ணுக்கு ஆகறதில்லீங்க. ஆனா பாருங்க, போயிருச்சுன்னாளே, அப்பறம் கம்ப்யூட்டர்லயும் அதையேதான் ஒவ்வொரு எழுத்தாக் கையில அடிச்சா. எதுக்கு ரெண்டு தடவைன்னு நான் கேக்கல.

அவ அடிச்சது இவ்வளவுதானுங்க. 'தப்பு என்னுது. வீடு விற்கவில்லை. ஆறு நல்லா இருக்கு. திரும்பி வா.'

"'வா'ன்னா போடறது? பெரியவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"ன்னேன்.

"நீங்க மரியாதை குடுத்துத்தான் ஊரே வெலை பேச வந்துது"ன்னுட்டு அனுப்பிட்டா.

அரை மணி நேரம். ரெண்டு பேரும் அந்தப் பொட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்பறம் அந்த மொட்டை எடத்துல மொதல்ல ஒரு தண்டு. அப்பறம் ஒரு கெளை. அப்பறம் மஞ்சளா ஒரு பூ. செல்லாத்தா சின்னப் புள்ளையாட்டக் கையத் தட்டுனா. அதுக்கப்பறந்தான் எழுத்து வந்துது. 'நீ யார்? அவர் இப்படிப் பேச மாட்டார்.'

"நான் அவரு சம்சாரம்"ன்னு அடிச்சா.

'அப்படியா. பாவம்.'

யாரு பாவம், எதுக்குப் பாவம்னு அதுல தெளிவில்ல. ஆனா இவ அதைப் படிச்சுட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா பாருங்க, நான் தண்ணி கொண்டாந்து குடுக்க வேண்டியதாப் போச்சு, ஊனுகோலோட.

அத்தோட எம்பட சொத்து போச்சு சார். இப்ப அங்க இருக்கறது செல்லாத்தாதான். மேகலா அவளுக்கும் ஒரு பொம்மை பண்ணிக் குடுத்துருச்சு. சாயந்தரமானா ரெண்டு பேரும் ஆத்தங்கரையில உக்காந்துக்கிட்டு, 'சாப்டியா?' 'சாப்டேன்.' 'மழையா?' 'வர்ற மாதிரி இருக்கு.' இதுதான் பேச்சு. மிஷினும் அதையெல்லாம் ஒழுங்காச் சொல்லுது! எல்லைக்கல்லு நாலையும் புடுங்கிட்டாங்க. ஒரு பாகப்பிரிவினையாச்சும் எழுதி வெச்சுக்கலாம்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேண்டாம்னாங்க.

இன்னொரு கூத்து கேளுங்க. அன்னைக்கு நடந்து ரெண்டாம் நா எனக்கு ஒரு போன். எடுத்தா கிட்டுச்சாமி. பதினாலு வருசத்துக்கப்பறம். "மச்சான், கேட்டேன். நாலஞ்சு தடவை போட்டுப் போட்டுக் கேட்டேன்"ன்னான். என்னத்தைக் கேட்டன்னு நான் கேக்கறதுக்குள்ள தொண்டை கட்டிப்போச்சு அவனுக்கு. சளி போல. வெச்சுட்டான். அப்பறம் பாத்தா, பேத்திக்கு மொட்டையடிக்கறோம், அக்காவைக் கூட்டிட்டுக் கட்டாயம் வரோணும்னு பத்திரிகை அனுப்பியிருக்கறான். அங்கதான் இப்பப் போயிட்டிருக்கறோம், பல்லடத்துக்கு. 'என் தம்பிக்குத் திடீர்னு புத்தி வந்துருச்சு'ன்னு இவ ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கறா. என்ன புத்தியோ. பத்திரிகையில இன்னும் நாலு தப்பு இருக்குது. பேனாவை இவ வாங்கி அவ பையில வெச்சுக்கிட்டா, இல்லாட்டிக் காட்டுவேன் உங்களுக்கு.

எனக்கு ஒரே ஒரு கவலைதானுங்க. அன்னைக்கு ரெண்டடி தூரத்துல உக்காந்துக்கிட்டு நான் சொன்னதை ரெண்டு தடவை கேக்கலேன்னாளே. காது மந்தமாயிட்டுது. வர்ற திங்கக்கெழமைக்குக் காது டாக்டர்கிட்ட டோக்கன் சொல்லி வெச்சிருக்கறேன். சொன்னா ஒரு மாதிரி சிரிக்கறா.

கொஞ்சம் கிட்ட வாங்க. ஒண்ணு உங்ககிட்ட மட்டும் சொல்லறேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. மூணாந் தடவை அதைச் சொன்னேன் பாருங்க, அப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ எறங்குன மாதிரி இருந்துச்சு சார். பெரிய மூட்டையக் கீழ வெச்ச மாதிரி. இன்னைக்குக் காத்தாலயும் பஸ் ஏறுனதுல இருந்து அதே மாதிரி...

"அது காத்தால தின்ன போண்டா! வேண்டாம்னு சொன்னனே, கேட்டீங்களா?"

பாருங்க சார். பாருங்க. அஞ்சாறு சீட்டுக்கு அக்கட்ட, திரும்பிக்கூடப் பாக்காம. இந்த எஞ்சின் சத்தத்துல, இந்தப் பாட்டுல, போண்டா மட்டும் எப்படிச் சார் தெரியுது?

பல்லடம் வந்துருச்சா? எறங்கோணும். இந்தக் காலை ஊனி எந்திரிக்கறதுக்குள்ள... நீங்க புடிக்க வேண்டாம், ஆச்சு. அட, அதா ஸ்டாண்டுல நிக்கறான் பாருங்க, கொடையப் புடிச்சுக்கிட்டு. அவனா? கிட்டுச்சாமியா? என்ன சார், தலையெல்லாம் வெளுத்துப் போச்சே! கருகருன்னு இருந்தவன். பதினாலு வருசமுங்கறது... ஏ செல்லாத்தா, இரு, இரு, ஓடாத. நான் மொதல்ல அவங்கிட்ட என்னன்னு சொல்லறது?

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. நீங்கதான் ஏற்கனவே சொல்லீட்டீங்களே. படி பாத்து எறங்குங்க."

நான் எங்கீங்க சார் சொன்னேன்? நீங்களே இத்தனை நேரமாக் கேட்டுட்டு வந்தீங்களே, அவங்கிட்ட நான் எப்பச் சொன்னேன்? சரி, கண்டக்டர் கத்தறாரு. வர்றனுங்க.